பாம்ப்லோனாவில் வேலிமேல் உட்காருங்கள்

கேள்வி: ஸ்பெயினில், சலமான்காவில் ஸ்பானிஷ் படிக்கிறேன். ஜூலையில் இங்கேயே பாம்ப்லோனா நகரில் நடக்கும் காளை ஓட்டத்துக்கு வகுப்புத் தோழிகள் கூப்பிடுகிறார்கள். அது நம் ஜல்லிக்கட்டு மாதிரிதானா? நானும் ஓடலாமா?
– ஒரு வாசகி

பதில்: ஜல்லிக்கட்டை மறந்துவிடுங்கள், அங்கே மாட்டைப் பிடிக்கவே கூடாது. கொம்புக்கு முன்னால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சான் ஃபெர்மின் திருவிழாவில் ஜூலை 7 முதல் 14 வரை தினமும் காலை 8 மணிக்கு ஓட்டம். சாண்டோ டொமிங்கோ தெருவில் அவிழ்த்துவிடும் ஆறு காளைகள், பழக்கிய மாடுகளோடு சேர்ந்து சுமார் 850 மீட்டர் ஓடி காளைச் சண்டை அரங்குக்குள் போகும். பெரும்பாலும் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

18 வயது ஆகியிருந்தால் விதிப்படி நீங்கள் ஓடலாம். நான் சொல்வேன், வேண்டாம். 1995-இல் இறந்த அமெரிக்க இளைஞர், கீழே விழுந்து எழ முயன்றபோதுதான் குத்துப்பட்டார். விழுந்தால் தலையை மூடிக்கொண்டு அப்படியே கிடக்க வேண்டும் என்பது உள்ளூர்க்காரர்களுக்கு மனப்பாடம். வகுப்புத் தோழிகளுக்குத் தெரியுமா?

மொழி மாணவனாகப் போனபோது நான் ஓடும் பாதையோரத்து வேலிமேல்தான் இருந்தேன். வேலி இரண்டு வரிசை. உள் வரிசை மருத்துவக் குழுவுக்கும் காவலர்களுக்கும். வெளி வரிசையில் இடம் கிடைக்க 6 மணிக்கே போய்விடுங்கள். அந்த இரண்டு மணி நேரம்தான் உங்களுக்கு லாபம். என் பக்கத்தில் இருந்த பாட்டி எந்தப் பண்ணைக் காளை எப்படி ஓடும் என்று விடாமல் பேசினார். பாதிதான் புரிந்தது, ஆனாலும் வகுப்பில் யாரும் அந்த வேகத்தில் என்னிடம் பேசியதில்லை. ஓடுகிறவர்கள் புனிதர் ஃபெர்மினின் சிலை முன்னால் மூன்று தடவை பாடுவார்கள், ஸ்பானிஷிலும் அந்தப் பகுதியின் பாஸ்க் மொழியிலும். ஸ்பானிஷ் வரிகளை முன்பே படித்துக்கொண்டு போங்கள்.

ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. காலையில் ஓடிய அதே காளைகளை மாலையில் அரங்கில் கொன்றுவிடுவார்கள். தோழிகள் டிக்கெட் வாங்கினால் போவதா வேண்டாமா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் போகவில்லை.

அப்புறம், சனி ஞாயிறு வேண்டாம். கூட்டத்தில் வேலி கண்ணிலேயே படாது.