புகழுரையும் இடித்துரையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரசீகக் கவிஞர் ஸஅதியின் ‘குலிஸ்தான்’ என்ற கதைநூலின் முதல் அத்தியாயம் வாசித்தேன். பாலைவனத்து துறவி அரசனைத் தலைநிமிர்ந்தும் பார்ப்பதில்லை. அமைச்சர் கடிந்துகொண்டபோது, “ஆடு இடையனுக்காக இல்லை, இடையன்தான் ஆட்டுக்காக” என்கிறார். ஆனால் இந்தப் பாரசீகக் கவிஞர்கள் எல்லாம் அரசரைப் புகழ்ந்து நூலைச் சமர்ப்பித்தவர்கள்தானே? முகவுரையில் புகழ்ச்சி, உள்ளே இடித்துரை. இது இரட்டை நாக்கு இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை என்றுதான் சொல்வேன். ஸஅதியின் இன்னொரு நூலான ‘பூஸ்தான்’ 1257-இல் முடிந்தது, ‘குலிஸ்தான்’ அடுத்த ஆண்டு. மங்கோலியர் பாக்தாதை அழித்ததும் அந்த 1258-இல்தான். ஸஅதியின் ஊரான ஷீராஸை ஆண்ட அபூபக்ர் அவர்களுக்குக் கப்பம் கட்டி ஊரைக் காப்பாற்றி வைத்திருந்தார். ஸஅதி அவரைப் புகழ்கிறார், சரி. எப்படிப் புகழ்கிறார் என்று பாருங்கள். பழைய கவிஞர் ஒருவர் ஒன்பது வானங்களையும் கிஸில் அர்ஸலான் என்ற மன்னனின் காலடியில் படியாகப் போட்டுப் பாடியிருந்தார். அது எதற்கு என்று கேட்கிறார் ஸஅதி. ‘வானத்தின்மேல் கால் வை என்று அரசனிடம் சொல்லாதே, மண்ணில் நெற்றியை வை என்று சொல்’ என்கிறார். புகழ வேண்டிய இடத்திலேயே நின்றுகொண்டு இதைச் சொல்கிறார்.

ஆனாலும் அந்தத் துறவியைவிட என்னை உலுக்குபவர், பிர்தௌசி பாடிய ‘ஷாநாமா’ என்ற பாரசீகக் காவியத்தில் வரும் புஸுர்ஜ்மிஹ்ர். துறவிக்கு இழக்க ஒன்றுமில்லை, அவர் எதையும் பேசலாம். இவரோ பழைய பாரசீகப் பேரரசன் நூஷிர்வானின் அமைச்சர். வேட்டைக்குப் போன இடத்தில் அரசன் அசந்து தூங்கும்போது, ஒரு கரும்பறவை வந்து அவனுடைய தோள்வளையின் மணிகளை விழுங்கிவிடுகிறது. விழித்த அரசன் இவரைச் சந்தேகித்துச் சிறை வைக்கிறான். எப்படி இருக்கிறாய் என்று ஆள் அனுப்பிக் கேட்கிறான். “அரசரைவிட நன்றாக இருக்கிறேன்” என்று பதில் வருகிறது. இருட்டுக் குழியில் தள்ளுகிறார்கள், அதே பதில். ஆணி பதித்த இரும்புக் கூண்டில் அடைக்கிறார்கள், அப்போதும் அதே பதில்தான். கடைசியில், விளக்கம் சொல் அல்லது சாவு என்று வாளோடு ஆள் வருகிறான். அவர் சொல்வது இதுதான்: இன்பமும் துன்பமும் நிலைப்பதில்லை, இருவரும் ஒருநாள் மூட்டை கட்டியாக வேண்டும். துன்பத்தை விட்டுப் போவது எளிது, அரியணையை விட்டுப் போகத்தான் நெஞ்சு நடுங்கும்.

அதைக் கேட்டு அரசன் பயந்துபோகிறான், கூண்டைத் திறக்கச் சொல்கிறான். அதற்குள் இவருக்குக் கண் மங்கிவிட்டது. உண்மை பேசியதற்கான விலையைப் பிர்தௌசி மறைக்கவில்லை. இந்தக் காவியம் போய்ச் சேர வேண்டியிருந்ததோ பிர்தௌசி காலத்துச் சுல்தான் கஜினி மஹ்மூதிடம்! நூஷிர்வான் இறந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பெயர் பழையது, அதனால் உயிரோடிருக்கும் சுல்தானும் உட்கார்ந்து கேட்கலாம்.

அப்புறம் கதை இன்னும் போகிறது. கிழக்கு ரோமப் பேரரசரிடமிருந்து பூட்டிய பெட்டி ஒன்று வருகிறது, உள்ளே இருப்பதைத் திறக்காமல் சொல்ல வேண்டும். அவையில் யாராலும் முடியவில்லை. பார்வை போன அந்த மனிதரைத்தான் நூஷிர்வான் மறுபடி கூப்பிடுகிறான். அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை ‘ஷாநாமா’விலேயே படியுங்கள், நான் சொன்னால் சுவை போய்விடும்.

அன்புடன்.