காட்டு விலங்கு நோய் ஆராய்ச்சிக்கு வரணுமா? கேளுங்கள்

கால்நடை மருத்துவம் படித்து, அப்புறம் சூழலியலுக்குத் தாவியவள் நான். வந்த கேள்விகளுக்குப் பதில்கள் கீழே.

கேள்வி: அக்கா, பிளஸ் டூ படிக்கிறேன். நேரடியாக வனவிலங்கு டாக்டர் ஆக முடியுமா? நீட் எழுதணுமா?

பதில்: நேரடியாக முடியாதும்மா. முதலில் பி.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவப் பட்டம், பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடம். தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குத்தான். 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் நீட். அங்கே மாடு, ஆடு, கோழி, நாய்தான், புலி வராது. சலித்துக்கொள்ளாதே. 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி காட்டுச் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு செத்தது நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயால்தான்.

கேள்வி: விலங்கியல் எம்.எஸ்சி. முடித்தேன். ஊசி போடத் தெரியாத எனக்கு இதில் என்ன வேலை?

பதில்: எண்ணுகிற வேலை! சிரிக்காதீர்கள், கழுகுக் கதையைக் கேளுங்கள். பாறு கழுகுகள் குறைகின்றன என்பதே ராஜஸ்தானின் பரத்பூரில் வருடக்கணக்காக எண்ணியவர்களால்தான் தெரிந்தது. வைரஸாக இருக்குமோ என்று பலரும் தேட, பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்பெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம், சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது. மாட்டுக்குப் போட்ட வலிமருந்து டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுக்குள் போனதுதான் காரணம் என்று 2004-ல் வெளியானது, 2006-ல் இங்கே கால்நடைக்குத் தடை வந்தது. எண்ணியவர் இல்லாவிட்டால் அறுத்தவருக்கு வேலையே இல்லை. டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், மயிலாடுதுறை பக்கம் ஏ.வி.சி. கல்லூரி, இங்கெல்லாம் வனவிலங்குப் படிப்பு இருக்கிறது. மயக்க ஊசியை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: யானை செத்துக் கிடந்தால் உடனே அறுத்துப் பார்ப்பீர்களா டாக்டர்?

பதில்: அவசரப்பட மாட்டோம். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வடிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயோ என்ற சந்தேகம் வரும். காது ரத்தக்குழாயில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். அடைப்பான் என்றால் அறுக்கவே கூடாது, காற்றுப்பட்டதும் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல வருடம் கிடக்கும்.

கேள்வி: சம்பளம்?

பதில்: பெரும்பாலும் ப்ராஜெக்ட் வேலை, பணம் தீர்ந்தால் அடுத்ததைத் தேடணும். "கிளினிக் போட்டிருக்கலாமே" என்று அம்மா இன்னும் கேட்கிறார்.

கேள்வி: இப்போதே என்ன செய்யலாம் மேடம்?

பதில்: புள்ளியியல் படியுங்கள், எல்லாரும் ஓடுவது அதைக் கண்டுதான். களத்துக்குப் போகும் முன் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். அப்புறம், வனத்துறை அனுமதி இல்லாமல் செத்த வௌவாலைக்கூட ஆய்வுக்கென்று வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள்.