நியாண்டர்தால் நம்ம சொந்தக்காரனா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

காலேஜ்ல மானுடவியல் பாடம் எடுக்குறேன், எலும்புதான் நம்ம ஏரியா. நியாண்டர்தால்ங்குறது எப்பவோ அழிஞ்சுபோன ஒரு பழைய மனுஷ இனம், அவங்களப் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு போட்டேன், வந்ததுல சிலதுக்கு இங்க பதில்.

கே: சார், நியாண்டர்தால்னா கூன் போட்டு நடக்குற குரங்கு மனுஷன்தானே? நாங்க பாத்த படமெல்லாம் அப்படித்தான் இருந்துச்சு.

ப: அந்தக் கூன் வந்த கதைய கேளுங்க. 1908ல பிரான்ஸ்ல லா ஷபேல்-ஓ-சேன்ங்குற ஊர்ப்பக்கம் குகையில நியாண்டர்தால் ஒருத்தரோட எலும்புக்கூடு கிட்டத்தட்ட முழுசா கிடைச்சுது, மார்செலின் பூல்ங்குறவர் அத ஆராய்ஞ்சு முட்டி மடங்கி தல முன்னால தொங்குற மாதிரி எழுதிட்டாரு, எல்லாரும் அதப் பாத்தே படம் வரைஞ்சாங்க. ஆனா அது வயசான ஆளு, பல்லு நெறைய கொட்டிப்போச்சு, முதுகெலும்பெல்லாம் மூட்டுவாதம். 1957ல ஸ்ட்ராஸ், கேவ்னு ரெண்டு பேர் அதே எலும்ப திரும்ப பாத்துட்டு, இவர குளிப்பாட்டி ஷேவ் பண்ணி டிரஸ் போட்டு நியூயார்க் சப்வேல ஏத்திவிட்டா ஒருத்தரும் பெருசா கண்டுக்க மாட்டாங்கங்குற மாதிரி எழுதினாங்க. ஆனா பழிய மொத்தமா வாதத்து மேல போடவும் முடியாதுங்க, பூல் மனசுல மிருகம்னு ஒரு படம் முன்னாடியே ஓடியிருக்கு.

கே: அண்ணே, விஞ்ஞானியே இப்படி பண்ணுவாங்களா?

ப: இதவிட பெருசெல்லாம் இருக்கு. 1912ல இங்கிலாந்துல பில்ட்டவுன் மனிதன், நம்ம பழைய மூதாதைன்னு ஒண்ணு கெளம்புச்சு, மூள பெருசு தாட மட்டும் குரங்கு மாதிரி, அதுவும் இங்கிலீஷ் மண்ணுலயே கிடைச்சா கேக்கணுமா, ரொம்பப் பேருக்கு ஏக சந்தோஷம். 1924ல தென்னாப்பிரிக்காவுல டவுங் குழந்தைன்னு சொல்ற ஒரு பழைய மண்டையோடு கிடைச்சுது, பில்ட்டவுனுக்கு நேர் எதிரா சின்ன மூள, ஆனா ரெண்டு கால்ல நடந்ததுக்கு அடையாளம் இருக்கு, ரேமண்ட் டார்ட் அத எடுத்துச் சொன்னப்ப பெரிய தலைங்க காதுலயே வாங்கல. கடைசில 1953ல பில்ட்டவுன் டுபாக்கூர்னு தெரிஞ்சுது, மனுஷ மண்டையோட ஒராங்குட்டான் தாடைய சேத்து சாயம் பூசி வச்சிருக்கானுங்க. நாப்பது வருஷம் ஓட்டிட்டாங்க பாருங்க!

கே: நம்ம ஆளுங்களுக்கும் நியாண்டர்தால் ரத்தம் இருக்காமே?

ப: இருக்கு. மரபணு விஞ்ஞானி ஸ்வாந்தே பாபோ டீம் 2010ல நியாண்டர்தால் மரபணுவ படிச்சு சொன்னாங்க, ஆப்பிரிக்காவுக்கு வெளிய இருக்குற எல்லார்கிட்டயும் ஒண்ணு ரெண்டு சதவீதம் வரும். 2022ல அவருக்கு நோபல். 2020ல இன்னொண்ணு தெரிஞ்சுது, கொரோனாவ மோசமாக்குற ஒரு துண்டு மூணாவது குரோமோசோம்ல இருக்கு, அதுவும் அவங்ககிட்ட இருந்து வந்ததுதான், தெற்காசியாவுல சுமார் பாதி பேர்கிட்ட இருக்கு, ஐரோப்பாவுல 16 சதவீதம்தான். அதுக்காக பயப்படாதீங்க, வயசும் சுகரும் அதுக்கு மேல முக்கியம்.

கே: ப்ரோ, எனக்கு சட்டுனு கோவம் வர்றது அந்த ஜீனாலயா?

ப: இல்ல தம்பி. அது உன் சொந்த சம்பாத்தியம்.

கே: அவங்களுக்கு பாசம், இரக்கம்லாம் இருந்துச்சா சார்? செத்தவங்களுக்கு பூ வச்சாங்கன்னு கேள்விப்பட்டேன்.

ப: ஈராக்ல ஷானிதார் குகை, ரால்ஃப் சொலெக்கி 1950கள்ல தோண்டினாரு. ஒரு உடம்பு பக்கத்துல மகரந்தம் நெறைய இருந்துச்சு, அமெரிக்காவுல ஹிப்பிங்க தலையில பூ வச்சு சுத்தின காலம் வேற, பூ வச்சு புதைச்சாங்கங்குற கதை சட்டுனு ஒட்டிக்கிச்சு. எலியோ தேனீயோ கொண்டாந்து போட்டிருக்கலாம்னு பின்னாடி சொன்னாங்க. பூ போனா போகட்டும்மா. அதே குகையில ஷானிதார் 1னு ஒருத்தர், அவரோட வலது மேற்கை எலும்பு இடது கையோடத விட ஒல்லியா குச்சி மாதிரி இருக்கும், முழங்கைக்கு மேலயே முடிஞ்சிடும். இடது கண்ணு பக்கம் அடி, நடக்கும்போது நொண்டியிருப்பாரு, காதும் சரியா கேட்டிருக்காது. இத்தனையும் வச்சுக்கிட்டு பல வருஷம் உயிரோட இருந்திருக்காரு மனுஷன். யாரோ ஒருத்தர் கறி குடுத்திருக்கணும்ல? எனக்கு பூவ விட இந்தக் கைதான் பெருசு.

கே: வேற இனம்னா கொழந்த பொறக்காதுன்னுதானே படிச்சோம், அப்புறம் எப்படி கலந்தாங்க?

ப: இனம்ங்குறது நாம வசதிக்கு போட்ட டப்பா, அதுக்குள்ள அடங்கணும்னு யாருக்கும் கட்டாயம் இல்ல. சைபீரியாவுல டெனிசோவா குகையில ரெண்டரை சென்டிமீட்டர் கூட இல்லாத ஒரு எலும்புத் துண்டு, 2018ல டிஎன்ஏ ரிசல்ட் வந்துச்சு, அம்மா நியாண்டர்தால், அப்பா டெனிசோவன், அதுவும் அழிஞ்சுபோன இன்னொரு பழைய மனுஷ இனம். நேரடியா மொத தலமுறை கலப்பு. செத்தப்ப வயசு 13க்கு மேல இருக்கும்.

கே: பொண்ணா பையனா? பேரு வச்சாங்களா?

ப: பொண்ணு. ஆராய்ச்சிக் கட்டுரைல டெனிசோவா 11, லேப்ல செல்லமா டென்னி.