மூன்றாவது பாடமாக எதை எடுப்பது?

உயர்தரம் முடித்துக் கலைப்பீடத்துக்குப் போகும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. முதல் வருடத்தில் மூன்று பாடங்கள் தெரிவுசெய்யும் முறையை வைத்தே பதில் சொல்கிறேன். யாழ்ப்பாணம், பேராதனை, கிழக்கு என்று இடத்துக்கு இடம் சேர்க்கைகள் மாறும். உங்கள் பீடக் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புவியியலும் பொருளியலும் எடுப்பது உறுதி சேர். மூன்றாவதுக்கு, புள்ளி வாரிப் போடும் பாடமாகப் பார்த்து எடு என்கிறார்கள் சீனியர்மார்.

புள்ளி போட்டவர் அடுத்த வருடம் விடுமுறையில் போய்விட்டால் என்ன செய்வீர்கள் தம்பி? நூலகத்தில் பழைய வினாத்தாள்கள் இருக்கும். நினைத்திருக்கும் பாடத்தின் தாளை எடுத்து, இந்தக் கேள்விகளுக்காக ஒரு வருடம் வாசிக்க மனம் வருமா என்று பாருங்கள். அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. இன்னொன்று: புவியியலில் வரைபடம், செய்முறை, களவேலை, பொருளியலில் கணிதம், புள்ளிவிபரவியல். இரண்டும் நேரத்தைத் தின்னும். மூன்றாவது, வாசித்து எழுதும் பாடமாக இருக்கட்டும். அரசறிவியலோ சமூகவியலோ நன்றாகப் பொருந்தும். நேரசூசியில் மோதுகிறதா என்பதையும் பாருங்கள். மோதினால் பேச்சே இல்லை.

உயர்தரத்தில் பொருளியல் படிக்கவில்லை. கம்பஸில் எடுக்கலாமா?

முன்பு படித்திருக்க வேண்டுமா என்பதைத் துறையில் கேளுங்கள். இடம் கிடைத்தாலும், சாதாரணதரக் கணிதம் கைவிட்டுப் போயிருந்தால் முதல் அரையாண்டே திணறும்.

வரலாற்றில் தொல்லியல் பக்கம் போக ஆசை. கூடவே தமிழா, சமஸ்கிருதமா? சமஸ்கிருதம் எடுத்தால் வேலை இல்லை என்று வீட்டில் சண்டை.

ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த முத்திரையை அறிந்திருப்பீர்கள். பெருங்கற்காலப் புதைகுழியில் கிடைத்தது. மேலே சில குறியீடுகள், கீழே சில பிராமி எழுத்துகள், அவ்வளவுதான். அந்தச் சில எழுத்துகளை வைத்து ஒரு சொல்லை நிறுவ எழுத்தியலும் வேண்டும், மொழியும் வேண்டும். மண்ணைத் தோண்டத் தெரிந்தால் மட்டும் போதாது. வடக்குக் கிழக்கின் ஆரம்பகாலத்தில் நிற்கப் போகிறீர்கள் என்றால் தமிழை விடாதீர்கள். பழந்தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கைகொடுக்கும். செப்பேடு, கோயில், சிற்பம் என்று போனால் சமஸ்கிருதம் இல்லாமல் ஒரு கட்டத்தில் நின்றுவிடுவீர்கள். சேர்க்கை இடம் கொடுத்தால் மூன்றையும் எடுங்கள் என்பதே என் கட்சி. வீட்டில் கேட்டால், சமஸ்கிருதம் தனியாக நிற்கவில்லை, தொல்லியலுக்குத் துணையாக நிற்கிறது என்று சொல்லுங்கள்.

மூன்று வருடப் பொதுப் பட்டமா, நான்கு வருடச் சிறப்புப் பட்டமா? இப்போதே முடிவெடுக்க வேண்டுமா?

இப்போது எடுக்க வேண்டாம். ஆனால் ஒரே பாடத்தில் ஊன்றிப் படிக்கும் சிறப்புக்குக் கேட்கும்போது முதல் வருடப் பெறுபேற்றைத்தான் பார்ப்பார்கள். முதல் வருடத்தைப் பழகிப்பார்க்கும் வருடமாக நினைக்கிற பிள்ளைகள் இங்கேதான் வழுக்குகிறார்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி பொதுப் பட்டத்துக்கு 90 கிரடிட், சிறப்புக்கு 120. ஒரு கிரடிட் என்றால் 50 மணி நேரப் படிப்பு. அதில் விரிவுரை வெறும் 15 மணிதான். மிச்சம் 35 மணி நேரமும் உங்கள் கையில். விரிவுரையாளராக வரும் எண்ணம் இருந்தால் சிறப்புப் பட்டமும் நல்ல வகுப்புச் சித்தியும் வேண்டும். ஆசிரியர் தொழில்தான் குறி என்றால் பொதுப் பட்டமும் வழிவிடும். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைப் பிறகு செய்யலாம். அப்படியானால் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பாடம் ஒன்றாவது மூன்றில் இருக்கட்டும். அப்புறம், சிறப்புக்கு இடம் கிடைக்காமல் போனால்? மூன்றையும் கடைசிவரை படிக்க வேண்டிவரும். ஒன்றின்மேல் மட்டும் ஆசை வைத்து, மற்ற இரண்டை நிரப்புவதற்காக எடுக்காதீர்கள்.

மகள் மெய்யியலும் உளவியலும் எடுக்கிறாள். முடித்ததும் உளவளத்துணை செய்யலாமா? (ஒரு தாய்)

முதல் பட்டத்தோடு நேரே ஆட்களைப் பார்க்க உட்கார முடியாது அம்மா. அதற்கு மேலே பயிற்சி வேண்டும். ஆனால் சேர்க்கை நல்லது. கூடச் சமூகவியல் எடுத்தால் இன்னும் நல்லது.

ஒரு மாதம் போனபிறகு பாடத்தை மாற்றலாமா?

பதிவு மாற்றத்துக்கு ஒரு கடைசித் திகதி இருக்கும். அதற்கு முதல் சந்தேகமுள்ள இரண்டு பாடங்களின் விரிவுரையிலும் போய் இருங்கள். திகதி கடந்தால் கடிதம், துறைத் தலைவர், பீடாதிபதி என்று அலைய வேண்டிவரும். அதற்குள் முதல் ஒப்படையும் வந்துவிடும்.