'அக்கா பாத்துப்பா' என்பது திட்டமா? சிறப்புக் குழந்தைகள் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், எங்களுக்குப் பின் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற ஒரே விஷயம்தான். அதை மூன்றாவது பதிலில் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

மகனுக்கு ஆட்டிசம். போன மாதம் 18 முடிந்தது. பெற்ற நாங்களே இருக்கும்போது பேங்கில் கார்டியன் சான்று ஏன் கேட்கிறார்கள்?

18 முடிந்த நாளோடு சட்டப்படி நீங்கள் அவனுக்குக் கார்டியன் இல்லை. இதைப் பலமுறை எழுதிவிட்டேன், ஆனாலும் எல்லோரும் பேங்கில் திருப்பி அனுப்பிய பிறகுதான் கடிதம் போடுகிறீர்கள். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவே பாதுகாவலரை நியமிக்கும். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அந்தச் சான்றை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. மேனேஜர் முடியாது என்றால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள், பாதிப் பேர் அப்போதே இறங்கி வந்துவிடுவார்கள். சான்று கைக்கு வந்ததோடு வேலை முடிந்துவிடாது, ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் குழுவிடம் கொடுக்க வேண்டும், பிறகு வருடா வருடம் கணக்கும் காட்ட வேண்டும். இன்னொன்று, எல்லோருக்கும் கார்டியன் தேவைப்படாது. பணம் எண்ணவும் புரிந்து கையெழுத்துப் போடவும் தெரிந்த பிள்ளையின் உரிமையை, வசதிக்காக நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

தேசிய அறக்கட்டளையின் நிரமயா மருத்துவக் காப்பீடு இருந்தும் தெரபி பில்லுக்குப் பணம் தர மறுக்கிறார்கள்.

பில்லின் தேதி மே மாதம், நீங்கள் புதுப்பித்தது ஜூலையில். நிரமயா ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. சில நூறு ரூபாய் கட்டினால் மருத்துவப் பரிசோதனை எதுவும் இல்லாமல் ஒரு லட்சம் வரை கிடைக்கிற காப்பீடு இது, பிப்ரவரியிலேயே புதுப்பித்துவிடுங்கள். துண்டுச் சீட்டில் தொகை எழுதித் தருகிற தெரபிஸ்ட்டிடம் முறையான ரசீது கேட்டு வாங்குங்கள்.

எங்களுக்கு 60 வயது. மகனுக்கு 26, அறிவுசார் குறைபாடு. மகளுக்குத் திருமணமாகிவிட்டது. வீட்டையும் பணத்தையும் மகள் பேரில் எழுதி, தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்றிருக்கிறோம். சரிதானே?

மகளிடம் கேட்டீர்களா? நாலு பக்கக் கடிதத்தில் அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. இங்கே முக்கால்வாசிக் குடும்பங்களில் இதுதான் நடக்கிறது. கூடப்பிறந்தவர்களைக் கேட்காமலே அவர்கள் தலையில் கட்டிவிட்டு, அதற்குப் பாசம் என்று பெயரும் வைத்துவிடுகிறோம். பாத்துப்பா, பாத்துப்பான் என்பதெல்லாம் திட்டம் ஆகாது. எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

சொத்து முழுவதும் அவள் பேரில் போனால் சட்டப்படி அது அவளுடையது. அவள் கணவர் தொழிலுக்குக் கடன் வாங்கி அது முழுகினால் வீடும் சேர்ந்து போகலாம். அவளுக்குப் பின் அது அவள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும்தான் போகும், உங்கள் மகனுக்கு இல்லை. அவள் நல்லவளா இல்லையா என்பதே இங்கே பிரச்சினை இல்லை. சரி, உயிலே எழுதாமல் விட்டால்? மகனுக்கும் சம பங்கு வரும், ஆனால் விற்கவோ அடமானம் வைக்கவோ கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் வீடு பூட்டிக் கிடக்கும். நாமினி போட்டுவிட்டேன் என்று அடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள். நாமினி பெரும்பாலும் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் கொடுக்க வேண்டிய ஆள்தான், சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்.

நான் சொல்வது இது. 1882ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டப்படி மகனைப் பயனாளியாக்கி ஒரு தனியார் டிரஸ்ட் எழுதுங்கள். மகள் விரும்பினால் அவளும் ஒரு டிரஸ்டியாக இருக்கட்டும், கூட ஒரு சொந்தக்காரர், குடும்பத்துக்கு வெளியே ஒருவர். பணத்தைப் பார்ப்பவரும் பையனைப் பார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம், அப்போதுதான் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்க முடியும். உயிலில் உங்கள் சொத்து அந்த டிரஸ்டுக்குப் போகட்டும். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். மாத்திரை எத்தனை மில்லிகிராம், எந்த மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துவான், தோசையைக் கிழித்துப் போட்டால்தான் சாப்பிடுவானா, வயிற்று வலியை எப்படிக் காட்டுவான், எல்லாவற்றையும் எழுதுங்கள். இது உங்கள் மனைவி ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்றால் அதுதான் பெரிய ஆபத்து. இப்போதே மாதம் இரண்டு ராத்திரி அவனை நீங்கள் இல்லாத இடத்தில் தூங்கப் பழக்குங்கள், சித்தி வீடோ, தேசிய அறக்கட்டளையின் சமர்த் திட்டத்தில் இயங்கும் தற்காலிகப் பராமரிப்பு மையமோ. 26 வயதில் அம்மா ஊட்டினால்தான் சாப்பிடுவான் என்பதைப் பெருமையாக எழுதாதீர்கள்.

என் குழந்தைக்குப் பிரச்சினை இருக்கிறது, என்ன செய்யலாம்?

வயது இல்லை, ஊர் இல்லை, டாக்டர் என்ன சொன்னார் என்பதும் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு முதலில் போங்கள். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பிறகு எழுதுங்கள்.

ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். எனக்குப் பின் மகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருமா?

வரும், குறைபாடு உங்கள் காலத்திலேயே இருந்ததற்குச் சான்று இருந்தால் வாழ்நாள் முழுவதும் வரும். நீங்கள் இருக்கும்போதே உங்கள் ஓய்வூதிய ஆணையில் (பி.பி.ஓ.) அவள் பெயரையும் பணத்தை வாங்கப்போகும் ஆளின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை, மகளின் சொந்த வருமானத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது. ஆசையாக அவள் பேரில் எஃப்.டி.யாகப் போட்டுக் குவித்தால் அந்த வட்டியே பென்ஷனுக்கு வேட்டு வைத்துவிடும். இதையும் எழுத்தில் முடியுங்கள்.

11 வயது மகள், டவுன் சிண்ட்ரோம். வயதுக்கு வந்தால் சமாளிக்க முடியாது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

யார் சொன்னாலும் வேண்டாம். கற்றுக்கொடுக்க முடியும், இப்போதே தொடங்குங்கள். வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் பேடைப் போட்டுப் பழகட்டும், அந்தத் தொடுதல் புதிதாக இருந்தால்தான் பிய்த்து எறிவார்கள். ஜட்டியில் பேட் வைக்கும் இடத்தைக் கலர் நூலால் தைத்து அடையாளம் காட்டுங்கள். பேடில் குங்குமத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, சிவப்பு தெரிந்தால் மாற்ற வேண்டும் என்று செய்து காட்டுங்கள். பாத்ரூம் கதவின் உள்பக்கம் படப் பட்டியல் ஒட்டுங்கள். மாதக்கணக்கில் ஆகும், ஆகட்டும். கர்ப்பப்பையை எடுத்தாலும் பாலியல் தொல்லையிலிருந்து பாதுகாப்பு கிடைக்காது. அதற்கு யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டெம் செல் சிகிச்சைக்குச் சில லட்சம் கேட்கிறார்கள். ஆட்டிசம் குணமாகுமா?

ஆகாது. 2022லேயே தேசிய மருத்துவ ஆணையம் ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. அந்தப் பணத்தை மேலே சொன்ன டிரஸ்டில் போடுங்கள்.

ரயிலில் எங்களுக்குச் சலுகை உண்டா?

துணையில்லாமல் பயணிக்க முடியாத அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் 75%, இரண்டடுக்கில் 50%. ரயில்வே படிவத்தில் அரசு மருத்துவர் சான்று வாங்கி, ரயில்வே கோட்ட அலுவலகம் மூலம் அடையாள அட்டை எடுத்துவிட்டால் ஆன்லைனிலேயே புக் செய்யலாம். பயணத்தில் அசல் கையில் இருக்கட்டும், ஜெராக்ஸைக் காட்டிவிட்டு டிடிஇ ஃபைன் போட்டார் என்று எனக்கு எழுதாதீர்கள்.