லைலாக் பூக்கலையா? கத்திரிக்கோலைக் கீழ வச்சுட்டு முதல்ல இலையைப் பாருங்க

ஏற்காடு நாகலூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: நாலு வருஷம் முன்னாடி லைலாக்னு (குளிர் நாட்டுல கொத்துக் கொத்தா, வாசமா பூக்கிற புதர்ச்செடி) சொல்லி வித்த செடியை வாங்கி வச்சாங்களாம், இடுப்பு உயரத்துக்கு மேல வளரல, இதுவரைக்கும் ஒரு பூ கூட இல்ல, மழை விட்டா இலையில வெள்ளைப் பவுடர், தோட்டக்காரர் தரையோட வெட்டிடலாம்ங்கிறார், வெட்டலாமான்னு.

இப்போதைக்கு வெட்டாதீங்கம்மா. உங்க கையில இருக்கிறது என்ன செடின்னே இன்னும் தெரியாது.

நம்ம பக்கம் லைலாக்னு விக்கிறது வேற செடியாவும் இருக்கலாம். இலை வெத்தலை மாதிரி இதய வடிவத்துல, வழவழன்னு, எதிரெதிரா ரெண்டு ரெண்டா இருந்தா அது நிஜ லைலாக், மல்லிகைக் குடும்பம்தான். சின்ன முட்டை வடிவ இலை, பட்டை உரிஞ்சு தண்டு மொழுமொழுன்னு இருந்தா கிரேப் மிர்ட்டில். இலை நீளமா கூரா, அடியில வெள்ளையா பஞ்சு படிஞ்சிருந்தா பட்லியா. இந்தக் கடைசி ரெண்டும் புதுத் துளிர்லதான் பூக்கும், அதனால குளிர் முடியுற நேரத்துல நல்லா வெட்டி விட்டா சந்தோஷமா பூக்கும், நல்ல வெயில் மட்டும் குடுங்க. நிஜ லைலாக் அப்படி இல்ல, போன வருஷம் வந்த கிளையிலதான் மொட்டு வைக்கும். பூத்து முடிஞ்ச உடனே வெட்டலாம், அப்புறம் வெட்டினா அடுத்த வருஷப் பூவைத்தான் வெட்டுறீங்க.

நிஜ லைலாக்னே வச்சுக்குவோம். அது பால்கன் மலைப் பக்கத்துச் செடி. 7 டிகிரிக்குக் கீழ வாரக்கணக்குல குளிர் இருந்தாத்தான் மொட்டு கண் முழிக்கும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம்தான், மார்கழி ராத்திரியில கூட 10 டிகிரிக்குக் கீழ எறங்குறது அபூர்வம். ஆக, பூக்காதது உங்க தப்பு இல்ல, உரத்தோட தப்பும் இல்ல. குறைஞ்ச குளிர்ல பூக்கணும்னே கலிபோர்னியாவுல உருவாக்கின 'லேவண்டர் லேடி'ன்னு ஒரு ரகம் இருக்கு, ஆனா அந்தப் பேரை லேபிள்ல எழுதி ஒட்ட யாரால முடியாது சொல்லுங்க? லேபிள் பொய்யின்னு தெரிஞ்சாலும் வித்தவரைத் தேடிப் பிடிக்கிறது கஷ்டம், ஊர் ஊராப் போய் விக்கிறவர், போன வாரம் எங்க கடை போட்டாருன்னு அவருக்கே ஞாபகம் இருக்காது.

இதுல ரெண்டாவது கொள்ளை, 'பூக்கிற டானிக்'. செடியை வித்தவரே ஆறு மாசம் கழிச்சு வந்து பாட்டிலை நீட்டுவாரு. குளிரை எந்தப் பாட்டில்லயும் அடைக்க முடியாதும்மா, வாங்காதீங்க. யூரியாவையும் கோழி எருவையும் நிறுத்துங்க, இலைதான் பெருகும், பூ வராது.

செடியைத் தேத்துறதுக்கு வேற வழி இருக்கு. சில்வர் ஓக் மரத்து நிழல்ல இருந்தா நிழலைக் குறைங்க, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வெயில் வேணும். தண்ணி தேங்கக்கூடாது. காபி நல்லா வர்ற மண்ணு புளிப்பு மண்ணு (அமில மண்ணு), லைலாக் கேக்கிறது புளிப்பு இல்லாத மண்ணு, அதனால புளிப்பை அளக்கிற பிஎச் பேப்பர் வச்சுப் பாத்துட்டு, மண்ணு புளிப்பா இருந்தா காபிக்குப் போடுற டோலமைட் சுண்ணாம்புத் தூளையே கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. மண் பரிசோதனைக்குக் குடுக்கலாம்தான், ஆனா முடிவு எழுதின அட்டை கைக்கு வர நாளாகலாம், வந்தாலும் வீட்டுப் பூச்செடிக்குன்னு அதுல தனியா எதுவும் இல்லாம போகலாம். வெள்ளைப் பவுடர் செடியைக் கொல்லாது, காத்து போக இடம் விட்டாப் போதும். கண்ணை உறுத்துதுன்னா நனையும் கந்தகம் (தண்ணியில கலக்கித் தெளிக்கிற கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தெளிங்க.

வெட்டுறது கிழட்டுப் புதருக்கான வைத்தியம். அதுவும் வருஷத்துக்கு மூணுல ஒரு பங்கு பழைய தண்டை மட்டும் அடியோட எடுத்து, மூணு வருஷத்துல புதரைப் புதுசாக்கணும். ஒரே நாள்ல தரையோட வெட்டினா ஊட்டியை விடக் குளிரான ஊர்லயே ரெண்டு மூணு வருஷம் பூ இருக்காது. உங்களுது சின்னச் செடி, இது தேவையே இல்ல.

ஒண்ணே ஒண்ணு ரொம்ப முக்கியம், ஒட்டுச் செடியா இருந்தா கதையே வேற. மண்ணை லேசா விலக்கி அடித்தண்டைப் பாருங்க, வீக்கமோ கோணலோ இருந்தா அது ஒட்டு. லைலாக்கைப் பிரிவெட்டுன்னு ஒரு வேலிச்செடி மேலயும் ஒட்டுவாங்க. இதைத் தரையோட வெட்டினா மேல இருந்த லைலாக் போயிடும், கீழ இருக்கிற வேலிச்செடிதான் கிளம்பி வரும், நீங்களும் செடி பொழைச்சிருச்சுன்னு தண்ணி ஊத்திட்டே இருப்பீங்க. வெட்டலைன்னாலும் வீக்கத்துக்குக் கீழ இருந்து வர்ற துளிரை விடாதீங்க, கத்தியால நறுக்காம வேரோட பிச்சு எடுங்க, நறுக்கினா ஒண்ணுக்கு நாலா வரும். வீக்கத்துக்கு மேல வர்ற இலையும் கீழ வர்ற இலையும் வேற வேற மாதிரி இருந்தா கீழ இருக்கிறது மொத்தமும் வேலிச்செடி. சொந்த வேர்ல நிக்கிற லைலாக்னா பக்கத் துளிரைப் பத்திப் பயமில்ல, அதுவும் லைலாக்தான்.

சேலம் டவுன்ல இருக்கிற தங்கச்சிக்கும் ஒரு செடி குடுக்கட்டுமான்னு கடைசியா கேட்டிருக்கீங்க. வேண்டாம்மா. அந்த வெக்கையில லைலாக் நிக்காது. அவங்களுக்கு கிரேப் மிர்ட்டில் வாங்கிக் குடுங்க, கிரேப் மிர்ட்டில்னே கேட்டு, முடிஞ்சா பூவோட இருக்கிற செடியாப் பாத்து.