ராட்டினத்துக்குக் கீழே

அன்புள்ள அக்காவுக்கு,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. ஒரு வருடமாக வீட்டில் கேக் சுடப் பழகிவருகிறேன். சீட்டுப் பணத்தில் சின்ன ஓவன் ஒன்று வாங்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் பொருட்காட்சி பார்க்கப் போனோம். வெளியே வாங்கித் தின்றால் வயிற்றுக்கு ஆகாது என்று காலையிலேயே வெண்ணெய் கேக் சுட்டு, துண்டு போட்டு, டப்பாவில் எடுத்துப்போனேன். பிள்ளைகள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. டெல்லி அப்பளம்தான் வேண்டும் என்று ஒரே அழுகை. அவரும் பிள்ளைகளும் ராட்டினத்தில் ஏறினார்கள். நான் பைகளோடு கீழே நின்றிருந்தேன். அப்போதுதான் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது, அடியில் ஒரே பிசுபிசுப்பு. தை மாதம் இதே அளவில் சுட்டது பஞ்சு மாதிரி வந்தது. எங்கே தப்பு செய்தேன்? 1800 ரூபாய் செலவானது வேறு மனசை அரிக்கிறது. பேக்கரியில் கிடைப்பதை வீட்டில் சுட்டு எதற்குக் கரண்ட்டை வீணாக்குகிறாய் என்கிறார் மாமியார். மைதா கெடுதல் என்றும் சொல்கிறார்கள். சுடுவதையே விட்டுவிடலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கேக்கை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் கையில் ஒரு தப்பும் இல்லை. சித்திரை வெயில் செய்த வேலை இது.

வெண்ணெயையும் சீனியையும் எதற்காக அத்தனை நேரம் அடிக்கிறோம்? சீனிப் பரல்களின் கூர்முனைகள் வெண்ணெய்க்குள் பொடிப்பொடியாகக் காற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. பேக்கிங் பவுடரால் புதிதாகக் குமிழி உண்டாக்க முடியாது. நீங்கள் அடித்து உள்ளே ஏற்றிய குமிழிகளைத்தான் அது ஊதிப் பெரிதாக்கும். வெண்ணெய் 20 டிகிரியை ஒட்டி, விரலால் அழுத்தினால் குழிகிற பதத்தில் இருந்தால்தான் அந்தக் காற்று உள்ளே நிற்கும். தை மாதக் காலையில் உங்கள் அடுப்படியே ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இருந்திருக்கும். இப்போது பகலில் 40ஐத் தொடுகிறது, விடிகாலையிலும் புழுக்கம் விடுவதில்லை. வெண்ணெய் அடிக்க அடிக்க எண்ணெயாகிவிட்டது. காற்று நிற்கவில்லை, கேக் எழும்பவில்லை, பிரிந்த நெய் அடியில் தங்கிவிட்டது.

கோடை முடிகிறவரை வெண்ணெய் கேக்கை விடுங்கள். ஒரு கப் தயிரில் ஒரு கப் சீனியைக் கரைத்து, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் அரை டீஸ்பூன் சோடா உப்பும் போட்டு ஐந்து நிமிடம் வையுங்கள். நுரைத்து மேலே வரும். அரை கப் எண்ணெய் ஊற்றி, ஒன்றரை கப் மைதாவைச் சலித்துச் சேர்த்து, மாவு மறைகிறவரை மட்டும் கிளறுங்கள். அதற்கு மேல் கிளறினால் மைதா இழுவை கொடுத்து ரப்பராகிவிடும். கலந்த கையோடு, முன்பே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரியில் அரை மணியிலிருந்து முப்பத்தைந்து நிமிடம். முதல் இருபது நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். இதற்கு வெயிலும் கிடையாது, பனியும் கிடையாது.

மைதாவைப் பற்றித் தினமும் பரோட்டா தின்கிற வீட்டில் பேசலாம். எப்போதோ ஒரு கேக் சுடுகிற வீட்டில் பேச ஒன்றும் இல்லை. சின்ன ஓவன் முக்கால் மணி நேரம் ஓடினால் சுமார் ஒரு யூனிட் ஆகும். அதை மாமியாரிடம் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். 1800 ரூபாய் போனது போனதுதான், வருடத்தில் ஒரு நாள், விடுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பொருட்காட்சிக்கு யாராவது கேக் எடுத்துப்போவார்களா? அதுவும் வெண்ணெய் கேக்கை, அதுவும் மூடிய டப்பாவில், இந்த வெயிலில்? அந்த அப்பளத்தை உங்களால் வீட்டில் பொரிக்க முடியுமா? பிள்ளையின் முகத்தைவிடப் பெரியது. மேலே மிளகாய்ப்பொடி தூவியிருக்கும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எந்த ஓரத்தில் கடிப்பது என்று தெரியாமல் முழித்து, பாதி சட்டையில் உதிர்ந்து, உதடெல்லாம் எரிந்து தின்ன வேண்டியது. வருடம் முழுக்க உங்கள் கைச்சோறு தின்கிற பிள்ளைகள் ஒரு சாயங்காலம் அதற்காக அழுதால் அது உங்கள் கேக்குக்கு வந்த அவமானம் ஆகாது. வயிற்றுக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லி ஒரு நல்ல நாளைப் பாதி கெடுத்துவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. எங்கள் அம்மாவும் இதைத்தான் செய்தார்.

நாங்கள் செல்லூர். அப்பா தறிக்காரர். பக்கத்து வீட்டு டீச்சரம்மா கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தனுப்பும் கேக்கைப் பார்த்து அம்மாவுக்கு ஆசை வந்து, அவரிடமே கற்றுக்கொண்டார். ஓவன் ஏது? வைகை எங்களுக்கு வாசல் மாதிரி. ஆற்று மணலை அள்ளிவந்து, சலித்து, அலசி, காயவைத்து, பழைய டால்டா டப்பாவில் போட்டு வைத்திருப்பார். இரும்புச் சட்டியில் அந்த மணலைப் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் மாவு ஊற்றிய அலுமினியக் கிண்ணத்தை இறக்கி, தட்டால் மூடி, தட்டின்மேல் சிரட்டைக் கங்கைப் பரப்புவார். கீழே மணல் சூடு, மேலே கங்கு. வெந்ததை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார். மேல் தோல் கொஞ்சம் கருகியிருக்கும், உள்ளே மஞ்சளாக இருக்கும்.

1977இல் எனக்குப் பத்து வயது. சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் தன் மலைக்குத் திரும்பி, கூட்டம் வடிந்த பிறகுதான் நாங்கள் தமுக்கம் மைதானத்துக்குப் பொருட்காட்சி பார்க்கப் போவோம். கோரிப்பாளையம் வழியாக நடைதான். அப்பா எங்களை முதலில் பக்கத்திலிருக்கும் காந்தி மியூசியத்துக்குக் கூட்டிப்போவார். ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடம் அது, 1959இல் மியூசியம் ஆனது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது. எல்லாரும் ரத்தக்கறையைப் பார்ப்பார்கள். அப்பா நெசவாளி, இழையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் நகருகிறவரை நாங்களும் நகர முடியாது. வெளியே ராட்டினச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த வருடம் அம்மா மஞ்சப்பையில் கேக் கொண்டுவந்தார். நாங்கள் மூன்று பிள்ளைகளும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிளகாய் பஜ்ஜிக்குத்தான் அழுதோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பையை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் அதே கேக்கைக் காப்பியில் முக்கி முக்கி ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்றோம். உங்கள் கல் கேக் மிச்சமிருந்தால் சூடான பாலில் நனைத்துக் கொடுங்கள், போய்விடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது. “நான் பைகளோடு கீழே நின்றிருந்தேன்.” கேக்குக்கு எத்தனை வரி, அப்பளத்துக்கு எத்தனை வரி! இதற்கு ஒரே வரி. அதையும் பஸ் நம்பரைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறீர்கள்.

அடுத்த முறை எந்தப் பொருட்காட்சிக்குப் போனாலும் ராட்டினத்தின் அடியைப் பாருங்கள். வேலியை ஒட்டிப் பெண்கள் நிற்பார்கள். கையில் செருப்புகள், தண்ணீர்ப் பாட்டில், பிள்ளையின் பலூன், யாருடைய கண்ணாடியோ, யாருடைய போனோ. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். தம் வீட்டுப் பெட்டி கீழே வரும்போது மட்டும் கை அசைப்பார்கள். டிக்கெட் காசு அவர்கள் முந்தானை முடிச்சிலிருந்தோ பர்ஸிலிருந்தோதான் போயிருக்கும். எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். ஆட்கள்தான் மாறுகிறார்கள்.

எங்கள் அம்மாவும் அங்கேதான் நிற்பார். மேலேயிருந்து விழுந்துவிடும் என்று நாலு ஜோடிச் செருப்பையும் அவரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறுவோம். இறங்கியதும் ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்வி கேட்பார்.

“மேலே போனா என்னடி தெரியுது?”

“தெற்குக் கோபுரம் தெரியுதும்மா. வைகைப் பாலம் தெரியுது. நம்ம வீடு தெரியுது.”

வீடு தெரிவதாகச் சொன்னது பொய். அம்மா சந்தோஷப்படட்டும் என்று நான்தான் ஆரம்பித்தேன், தம்பிகளும் பிடித்துக்கொண்டார்கள். “அப்படியா!” என்று கண்ணை விரித்துக் கேட்பார்.

அம்மா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. ராட்டினத்தில் ஏறாமலே போய்விட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் டீச்சரம்மாவின் மகளைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் அவர் சொன்னார், அந்தக் காலத்தில் ஒருநாள், வார நாள், அப்பா தறியில் இருந்தபோது, டீச்சரம்மாவும் எங்கள் அம்மாவும் இந்த மகளை மட்டும் கூட்டிக்கொண்டு தமுக்கத்துக்குப் போனார்களாம். அம்மா இரண்டு தடவை ராட்டினத்தில் ஏறினாராம். முதல் தடவை கண்ணைத் திறக்கவே இல்லையாம். இரண்டாம் தடவை உச்சியில் நின்றபோது எழுந்துவிடப் பார்த்து, “டீச்சர், எங்க வீடு தெரியலையே!” என்று கத்தினாராம். வீட்டுக்கு வரும் வழியில், “பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் டீச்சர்” என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாராம்.

அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. அதற்கு அப்புறமும் வருடா வருடம் செருப்புகளோடு கீழே நின்றுகொண்டு “என்னடி தெரியுது” என்று கேட்டாரே! வீடு தெரியுது என்று நான் சொன்னபோது “அப்படியா” என்றாரே! நினைத்தால் சிரிப்பு வருகிறது, கோபமும் வருகிறது. அம்மா மீது இல்லை. இரண்டு சுற்று ராட்டினத்தை ஒரு பெண் திருட்டுத்தனம் போல ஒளித்துச் சுற்ற வேண்டியிருந்ததே, அதன் மீது. நாங்கள் யாரும் தடுத்ததில்லை. அப்பா நல்ல மனுஷர், ஏறு என்றால் டிக்கெட் வாங்கித் தந்திருப்பார். ஆனால் “நீயும் வா” என்று எங்கள் நாலு பேரில் ஒருவருக்குக்கூடச் சொல்லத் தோன்றவில்லை. செருப்பைக் கொடுப்பதற்கு ஒரு ஆள் இருந்தது எங்களுக்கு அத்தனை பழக்கமாகிவிட்டது.

அதனால்தான் உங்களைத் திட்டுகிறேன். காலையில் சுட்ட கேக்கைச் சாயங்காலம் ராட்டினத்தடியில் நிற்கும்போதுதான் முதல் தடவையாக ருசி பார்த்திருக்கிறீர்கள். ஏன்? சூட்டோடு ஒரு ஓரத்தை வெட்டி வாயில் போட்டிருந்தால் வெண்ணெய் பிரிந்தது அப்போதே தெரிந்திருக்கும், டப்பாவைத் தூக்கிக்கொண்டு திருமங்கலத்திலிருந்து போயிருக்கவே வேண்டாம். எல்லாரும் தின்ற பிறகு நாம் தின்னலாம் என்று யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? உங்கள் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தெரியுமா? ஆறு வயதில் எல்லாம் பதிந்துவிடும்.

பையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு கை இருக்கிறது. அவர் ஒரு சுற்று போய்வந்துவிட்டாரே, அடுத்த சுற்றுக்கு நீங்கள் ஏறுங்கள், அவர் வேலியோரம் நிற்கட்டும். பயமாக இருக்கிறது என்றால் மகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பயம் என்று பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். டிக்கெட்டுக்கு இன்னும் காசா என்று மனசு அரித்தால், அந்த 1800இல் உங்களுக்காக எவ்வளவு செலவழித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

சுடுவதை விட வேண்டாம். தயிர் கேக்கை இந்த வாரம் சுடுங்கள், ஓரத்துண்டு உங்களுக்கு, சூட்டோடு. பொருட்காட்சி முடிவதற்குள் இன்னொரு நாள் போய்வாருங்கள், இந்த முறை டப்பா வேண்டாம். உச்சியில் ராட்டினம் நிற்கும்போது கண்ணைத் திறந்து சுற்றிப் பாருங்கள். கோபுரம் தெரிகிறதா, எந்தக் கோபுரம் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா